நடுவில் யார்?

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழைய பேச்சு. வீட்டுக்கு வீடு காமிரா என்பது புதுப் பேச்சு. அதுவும் ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று! செல்போன் வாங்கினால் காமிரா அதனுடன் ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் ஒரு படம். எழுந்து நின்றால் இன்னொரு படம். தீபாவளி முறுக்கு உடையாமல் வந்துவிட்டால் அதற்கும் ஒரு படம். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. "இத்தனையில், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டும்படியாக ஒன்றே ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்" என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது" என்று உதட்டைப் பிதுக்குகிறோம்.

அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று கேட்டு இராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வேலை கிடைத்து வெளியூர் போன பிள்ளை, போட்டோப் பிடிக்கக் கற்றுக் கொடுக்கும் இங்கிலீஷ் புத்தகங்கள் இரண்டை அலமாரியில் விட்டுப் போயிருக்கிறான். மத்தியானம் கைவேலை ஓய்ந்த பிறகு அம்மாள் அவற்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். 'காம்போஸிஷன்' என்ற அத்தியாயம் வந்ததும் மூன்று சந்தேகங்கள் முளைத்துவிட்டன. முக்கியமானதைப் படத்தின் நடுவில் வைக்காதே என்கிறது புத்தகம். அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை எங்கே வைப்பது? இது முதல் சந்தேகம். அந்தக் கோபுரம் எப்படி எடுத்தாலும் படத்தில் அடங்க மாட்டேன் என்கிறதே, ஏன்? இது இரண்டாவது. முக்காலியும் பெரிய காமிராவும் தூக்கிக்கொண்டு காடு மலை சுற்றுகிறவர்களுக்காக எழுதிய விதிகள், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நடமாடுகிற நமக்கு எதற்கு? இது மூன்றாவது.

மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. ஆகையால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

ஒன்பது கட்டம்

'காம்போஸிஷன்' என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சேர்த்து வைப்பது, கோப்பது என்பதுதான் அதன் பொருள். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துப் பத்திரிகை அச்சடித்த காலத்தில், அந்த வேலைக்கும் 'கம்போஸ்' செய்வது என்றுதான் பெயர். பூத் தொடுக்கும் அம்மாளைக் கவனித்துப் பாருங்கள். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ, மருக்கொழுந்து எந்த இடத்தில் வரவேண்டும், எந்த வாடல் இதழைக் கிள்ளி எறிய வேண்டும் என்று அவர் கை முடிவு செய்துகொண்டே போகிறது. அதேதான் இதுவும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகருக்கும் மாலை அனுப்பி வைக்கிற ஊர் அல்லவா அது?

புத்தகங்கள் சொல்லும் முதல் விதி, 'மூன்றில் ஒரு பங்கு' விதி. படத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு கிழித்தால் ஒன்பது கட்டம் கிடைக்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் நான்கு. முக்கியமான பொருளை அந்த நான்கில் ஏதாவது ஓரிடத்தில் வை, நடுக் கட்டத்தில் வைக்காதே. வானமும் தரையும் சேரும் கோட்டையும் படத்தின் நடுவில் விடாதே, மேல் கோட்டுக்கோ கீழ்க் கோட்டுக்கோ கொண்டு போ என்பது விதி. உங்கள் செல்போன் காமிராவிலேயே இந்தக் கோடுகளைத் தெரிய வைக்கலாம். அமைப்புகளுக்குள் போனால் 'கிரிட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டால் போதும்.

இந்த விதி காமிராவுக்கு முன்பே பிறந்தது. 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், கிராமக் காட்சிகளை வரைவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'மூன்றில் ஒரு பங்கு' என்ற கணக்கு அதில்தான் முதலில் அச்சேறியது என்கிறார்கள். போட்டோக்காரர்களுக்கென்றே காம்போஸிஷன் பாடம் எழுதிப் பேர் வாங்கியவர் ஹென்றி பீச் ராபின்சன். அவருடைய புத்தகம் வெளிவந்தது 1869-ல். ராபின்சன் சாமானிய ஆள் இல்லை. 1858-ல், சாகக் கிடக்கும் ஓர் இளம் பெண்ணையும் பக்கத்தில் கலங்கி நிற்கும் உறவினரையும் காட்டும் படம் ஒன்றை, ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து உருவாக்கினார். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிட்டுப் பிறகு தனித்தனியே பிடித்துச் சேர்த்த படம் அது. இவ்வளவு துக்ககரமான விஷயத்தைப் போட்டோவில் காட்டலாமா என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

1900-ல் கோடக் கம்பெனி 'பிரௌனி' என்ற பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. சாதாரண ஜனங்களும் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல, 'நல்ல படங்கள் எடுப்பது எப்படி?' என்ற அர்த்தம் வரும் பெயரில் அதே கம்பெனி ஒரு புத்தகம் போட்டுப் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. இன்று அலமாரிகளில் இருக்கும் போட்டோப் பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த வம்சத்தில் வந்தவைதான்.

வம்சம் பெரிது என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 'சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்' என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டியிருந்தது; அதனால் அப்படிச் சொன்னார்கள். விளைவு என்னவென்றால், அக்காலத்துக் குடும்பப் படங்களில் பாதிப் பேர் வெயில் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்! இன்றைய காமிராவுக்கு அந்த அவசியம் இல்லை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் விதியை எப்போது கேட்பது, எப்போது விட்டுவிடுவது என்பது தெரிந்துவிடும்.

மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் என்ன? நட்ட நடுவில் ஒரு பொருள் இருந்தால் நம் கண் நேரே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், வேறெங்கும் நகராது. ஓரமாக இருந்தால் மிச்ச இடத்திலும் உலாவிவிட்டு வரும். உங்கள் பேரக் குழந்தை இடது பக்கம் திரும்பி எதையோ ஆவலாகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை வலது ஓரத்தில் வைத்து, இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். காலி இடம் வீணாகப் போகவில்லை. குழந்தையின் பார்வை போவதற்கு அது ஒரு பாதை.

கோபுரத்தை எங்கே வைப்பது?

தமிழ்நாடு அரசின் சின்னத்தைப் பாருங்கள். முன்னால் சிங்கத் தூண், இரு புறமும் தேசியக் கொடி, பின்னால் கோபுரம். எல்லாம் நட்ட நடுவில், இடமும் வலமும் ஒன்றுபோல. 1949 முதல் நம்முடன் இருக்கும் சின்னம் அது. அதிலுள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றுதான் பெரும்பாலோர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சின்னத்தை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம். எந்த ஊர்க் கோபுரமானாலும், ஓவியர் அதை நடுவில்தான் வைத்தார். மூன்றில் ஒரு பங்கு என்று ஓரமாகத் தள்ளியிருந்தால் அது சின்னமாக இருக்காது. சாய்ந்து போன பந்தலாக இருக்கும்!

ஆக, அசையாத கம்பீரத்தைக் காட்ட வேண்டுமானால் நடுவே சரி. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாததல்ல. புள்ளி வைத்துக் கோலம் போடும்போது நடுப்புள்ளியிலிருந்து நாலா பக்கமும் ஒன்றுபோல விரிந்து போகிறோம். விளக்கு வைப்பதும் நடுவில்தான்.

ஆனால், அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை உச்சியில் நேராக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இலையாலும் பூவாலும் தினந்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் கிளி, இடது கையில் மட்டும் இருக்கிறது. இரண்டு கையிலும் இரண்டு கிளி இருந்தால் அந்த அழகு வருமா? கோபுரத்துக்கு நடு, குமரிப் பெண்ணுக்குச் சாய்வு. இந்த இரண்டையும் ஒரே ஊரில் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் புத்தகம் புதிதாகச் சொல்லித் தர என்ன இருக்கிறது? நாம் கண்ணால் அறிந்து வைத்திருப்பதற்கு அது பெயர் வைத்துத் தருகிறது. பெயர் தெரிந்தால் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். அது ஒரு சௌகரியம்.

இனி இரண்டாவது சந்தேகம். வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்துக்குப் பதினோரு நிலை. உயரம் 192 அடி. பக்கத்தில் போய் நின்று காமிராவை அண்ணாந்து தூக்கினால் என்ன ஆகும்? இரண்டு பக்கக் கோடுகளும் மேலே போகப் போக நெருங்கும். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகிக்கொண்டு போவது. காமிராவும் தன் பங்குக்குக் குறுக்கிவிடும். நேரில் பார்த்தபோது மூச்சை நிறுத்திய கோபுரம், படத்தில் குட்டையாக மல்லாந்து சாய்ந்து கிடக்கும். செல்போனைச் சாய்க்காமல், சுவரில் மாட்டிய கண்ணாடி மாதிரி நேராகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால், சாதாரண செல்போன் காமிராவில் 192 அடியும் அடங்குவதற்குச் சுமார் 300 அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காமிராவை நேராகப் பிடித்தால் கோபுரம் படத்தின் மேல் பாதியில்தான் இருக்கும். கீழ்ப் பாதி முழுவதும் தெரு! 'ஐயோ, பாதிப் படம் வீணா?' என்று கேட்காதீர்கள். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. பூக்கூடையோடு போகிறவர், பால்கோவாப் பொட்டலத்தோடு வருகிறவர், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண், அல்லது காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமியார், யாராவது ஒருவர் அந்தக் கீழ்ப் பாதிக்குள் வரட்டும். வந்ததும் கோபுரத்துக்கு உயரம் வந்துவிடும். மனித உருவம் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் 192 அடி என்பதைப் படம் எப்படிச் சொல்லும்?

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபுரம் கிழக்கு வாசலில் இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் விழும். இராஜபாளையத்திலிருந்து பார்க்கும் மேற்கு மலைத் தொடருக்கும் அப்படித்தான். காலையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும் மலை, மாலையில் சூரியன் பின்னால் இறங்கியதும் மையால் தீட்டிய கோடாகிவிடும். இரண்டும் அழகுதான். எது வேண்டும் என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கோயிலுக்கு உள்ளே படம் எடுக்கும் ஆசை வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. உள்ளே கண்ணால் சேவித்தால் போதும்.

வடமும் கிணறும்

புத்தகங்கள் சொல்லும் மற்ற இரண்டு மூன்று விதிகளையும் உள்ளூர்ச் சரக்கைக் கொண்டே பார்த்துவிடலாம். 'கண்ணை அழைத்துப் போகும் கோடு' என்று ஒன்று சொல்வார்கள். ஆடிப்பூரத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தின் முனையில் நின்று, அது படத்தின் கீழ் மூலையிலிருந்து கிளம்பித் தேர் வரை போகும்படி எடுத்தால், பார்க்கிறவர் கண்ணும் வடத்தைப் பிடித்துக்கொண்டே தேருக்குப் போய்விடும். ரெயில் தண்டவாளம், கண்மாய்க்கரை, சத்திரப்பட்டியில் நீளமாக விரித்துக் காயவைத்த பேண்டேஜ் துணி எல்லாம் இந்த ஜாதிதான்.

'சட்டத்துக்குள் சட்டம்' என்று இன்னொன்று. கதவு நிலை, ஜன்னல், திண்ணைத் தூண்கள் இவற்றின் நடுவே ஓர் உருவம் தெரியும்படி எடுப்பது. ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று காட்டுகிறார்கள். பெருமாளுக்கென்று அப்பா தொடுத்து வைத்த மாலையைத் தான் சூடிக்கொண்டு, 'பொருத்தமாக இருக்கிறதா?' என்று கோதை நாச்சியார் எட்டிப் பார்த்த கிணறு அது. வட்டமான சட்டத்துக்குள் ஒரு பெண் முகம்! தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்வது இந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த பைத்தியம் என்று யாராவது கேலி செய்தால், இந்தக் கிணற்றைக் காட்டுங்கள்.

மூன்றாவது, பின்னணி. இராஜபாளையம் நாயைத் தெரியாதவர் இல்லை. 2005-ல் தபால் தலையிலும் இடம் பிடித்த நாய். பால் வெள்ளை உடம்பு. அதைச் சுண்ணாம்படித்த சுவரின் முன் நிறுத்திப் படம் எடுத்தால் மூக்கும் கண்ணும்தான் மிஞ்சும்! வேப்ப மர நிழலிலோ செம்மண் தரையிலோ நிற்கட்டும். நாய் தனியாக எழுந்து வரும். மனிதர்களுக்கும் இதே சட்டம்தான். நம் வீட்டுப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் முன்னால் இருப்பவர் அல்ல, பின்னால் இருப்பவைதான். அத்தையின் தலையிலிருந்து தென்னை மரம் முளைக்கிறது. மாமாவின் காதிலிருந்து டியூப் லைட் நீள்கிறது. ஓரத்தில் பிளாஸ்டிக் குடம் எட்டிப் பார்க்கிறது. நாலு மூலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பித்தானை அழுத்தினால் முக்கால்வாசிக் குறை தீர்ந்துவிடும். இரண்டடி இடது பக்கம் நகர்ந்தால் தென்னை மரம் தானே விலகிப் போகும்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை விலக்குவது என்பதே காம்போஸிஷனில் பெரிய பாடம். விலக்க வேண்டுமானால், 'இந்தப் படம் யாரைப் பற்றியது?' என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதைப் புத்தகம் சொல்லாது. காமிராவைப் பிடித்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

இதைத் தைரியமாகச் சொன்ன ஓர் அம்மாளின் கதையைக் கேளுங்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் குடியிருந்தபோது, 1863-ல், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 'இனிமேல் கற்றுக்கொண்டு என்ன ஆகப் போகிறது?' என்று அவர் சும்மா இருக்கவில்லை. கோழிக் கொட்டகையைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார்.

விதிகளைக் கரைத்துக் குடித்த போட்டோ நிபுணர்கள் அவருடைய படங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கூர்மை இல்லை, மங்கலாக இருக்கிறது, ஒழுங்கு தெரியாதவர் என்றார்கள். அம்மாள் கேட்டால்தானே! பக்கத்தில், இன்னும் பக்கத்தில் என்று நெருங்கிப் போய், மேஜை நாற்காலி திரைச்சீலை எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, முகத்தை மட்டும் வைத்து எடுத்தார். கவி டென்னிஸனும் விஞ்ஞானி டார்வினும் அவர் காமிராவின் முன் உட்கார்ந்தார்கள். அவர்களைவிட அதிகமாக உட்கார்ந்தவள் யார் தெரியுமா? வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண். ஏசுவின் அன்னையாக அவளைத்தான் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்து போன ஒருத்தி, கேமரன் அம்மாளின் படத்தில் நடு இடத்துக்கு வந்துவிட்டாள். 1875-ல் கணவருடன் இலங்கைக்குக் குடிபோன அவர், அங்கே உழைத்துப் பிழைத்த சாதாரண ஜனங்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார். முகம் சுளித்த நிபுணர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

நம் நாட்டில் ஹோமாய் வியாரவாலா (1913 - 2012) இருந்தார். பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்த முதல் இந்தியப் பெண்மணி. ஆனால், ஆரம்ப காலத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின. படம் இருந்தது, எடுத்தவர் பெயர் இல்லை!

நடு நாற்காலி

இனி மூன்றாவது கேள்விக்கு வரலாம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நடமாடுகிற நமக்கு இந்த விதிகள் எதற்கு?

பழைய குரூப் போட்டோ ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடு நாற்காலியில் தாத்தா. பக்கத்து நாற்காலியில் பாட்டி. மூத்த பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்தடுத்த நாற்காலி. குழந்தைகள் கீழே சம்மணம். மருமகள்கள் பின்னால் நிற்கிறார்கள்; கடைசி மருமகள் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு. அதுவும் காம்போஸிஷன்தான். வீட்டில் யார் பெரியவர், யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து குரூப் போட்டோ ஒவ்வொரு குடும்பத்தின் அரசியல் சட்டம்!

இப்போது நாற்காலி போய்விட்டது. ஆனால் அந்தச் சட்டம் மாறிவிட்டதா? போன வருஷம் உங்கள் வீட்டில் எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். பிறந்த நாள் கேக்கின் முன் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் அப்பா. கேக்கை வாங்கி, விளக்கை அணைத்து, கத்தியைத் தேடிக் கொடுத்து, கடைசியில் செல்போனையும் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா எங்கே? படத்தில் இல்லை. இருந்தாலும் கையில் தட்டுடன், பாதி முகத்துடன், 'என்னை எடுக்காதீர்கள், எண்ணெய் வழிகிறது' என்று முந்தானையால் மறைத்துக்கொண்டு இருக்கிறாள்.

இதன் விலை என்ன என்பது ஒரு நாள் தெரியும். வீட்டில் ஒரு பெரிய மனுஷி கண்ணை மூடிவிடுகிறாள். மாலை போட ஒரு படம் வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனை எடுத்துத் தேடுகிறார்கள். ஆயிரம் படங்களில் அம்மா மட்டும் தனியாக ஒன்றில்கூட இல்லை. கடைசியில் யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டு வருகிறார். சட்டம் போட்டு மாட்டிய பிறகு பார்த்தால், தோளுக்குப் பக்கத்தில் யாருடைய பட்டுப் புடவைக் கரையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை வீடுகளில் இப்படி! அறுபது, எழுபது வருஷம் ஒரு வீட்டைத் தாங்கிய முகத்துக்கு, அதற்கென்று ஒரு படம் கிடையாது. நாம் யாரும் அந்த முகத்தை நடுவில் வைக்கவில்லை.

விதிகள் நமக்கு எதற்கு என்றால், இதற்குத்தான்.

புத்தகத்தில் படித்ததை முதலில் உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம், அக்காவிடம் பரீட்சை செய்து பாருங்கள். ஜோடனை எதுவும் வேண்டாம். காலையில் காய் நறுக்கும் வேளை போதும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு பக்கமாக விழட்டும். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். திரையில் அவர் முகத்தைத் தொட்டால், வெளிச்ச அளவை அந்த முகத்துக்கேற்பக் காமிரா சரி செய்துகொள்ளும். பின்னால் இருக்கும் குடத்தையும் காலண்டரையும் நகர்த்துங்கள், அல்லது நீங்கள் நகருங்கள். மூக்கருகே காமிராவை நீட்டினால் மூக்குத்தான் பெரிதாகத் தெரியும்; நாலைந்து அடி தள்ளியே இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவர் அரிவாள்மணையின் முன் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் எப்படிப்பட்டவரும் சிறுத்துப் போவார். அவர் கண்ணும் உங்கள் காமிராவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். இதைப் புத்தகம் காமிராக் கோணம் என்று சொல்லும். நம் ஊரில் இதற்கு மரியாதை என்று பெயர்.

பிறகு காத்திருங்கள். முதல் இரண்டு நிமிஷம் அவர் காமிராவைப் பார்ப்பார், புடவையைச் சரி செய்வார், 'போதும், போ' என்பார். மூன்றாவது நிமிஷம் கத்திரிக்காயின் காம்பில் கவனம் போய்விடும். அப்போது அழுத்துங்கள். முகத்தை நடுவில் வைப்பதா, ஓரத்தில் வைத்து ஜன்னலுக்கு இடம் விடுவதா என்று என்னைக் கேட்க வேண்டாம். அந்த நிமிஷத்தில் உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

ஒரு பழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் நம் வீடுகளில் இருந்த 'அக்ஃபா கிளிக்' காமிராவில் ஒரு சுருள் பிலிம் போட்டால் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொரு படத்துக்கும் காசு. அதனால் அழுத்துவதற்கு முன் ஒரு தடவை யோசித்தார்கள். நீங்களும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 'நடுவில் யார்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் ஒன்றையாவது வேறொருவர் கையில் செல்போனைக் கொடுத்து, உங்களை எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வழிந்தால் வழியட்டும்.

நன்றாக வந்த ஒன்றைச் செல்போனிலேயே புதைத்து விடாமல் காகிதத்தில் பிரதி எடுங்கள். அதன் முதுகில், பென்சிலால் மெதுவாக, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். அதற்குக் கீழே, எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள்.